ஊறுகாய் என்ற கப்பல்

நேவல் ஆக்‌ஷன் விளையாட்டில் பிக்கிள் என்று ஒரு சின்ன ஸ்கூனர் இருக்கிறது. பேருக்கு அர்த்தம் ஊறுகாய்தான். விளையாட்டும் அதை அப்படித்தான் வச்சிருக்கு. இலை ஓரத்தில் கொஞ்சம். ஆரம்பத்தில் தொட்டுக்கலாம், அப்புறம் சாப்பாடு வேற. இந்த ஒரு கப்பலை வைத்து அந்த விளையாட்டைப் பற்றி எனக்குள்ள ஒரு பாராட்டையும் ஒரு மனக்குறையையும் எழுதி வைக்கிறேன்.

கேம்-லேப்ஸ் என்ற நிறுவனம் 2016இல் சோதனைப் பதிப்பாகவும் 2019இல் முழுசாகவும் வெளியிட்டது. பாய்க்கப்பல் காலத்துக் கரீபியக் கடல்தான் களம்.

முதலில் பாராட்டு. இதில் காற்று என்பது வெறும் பின்னணி இல்லை. பெரிய போர்க்கப்பல்களில் பாய்கள் கப்பலுக்குக் குறுக்காகத் தொங்கும். பின்னாலிருந்து காற்று வந்தால் ராஜநடை. எதிர்க்காற்றில் சுமார் 67 டிகிரிக்கு மேல் நெருங்க முடியாது. ஸ்கூனரின் பாய்கள் நீளவாக்கில், ஒரு கதவு கீல்ல திரும்புற மாதிரி மரத்தைச் சுற்றித் திரும்பும். அதனால் காற்று வரும் திசையை இன்னும் நெருங்கி ஓடலாம். பெரிய கப்பல் துரத்தினால் எதிர்த்துச் சண்டை போடக் கூடாது, காற்று வரும் பக்கமாகத் திரும்பி ஓடணும். அவன் இரண்டு தடவை வளைந்து வருவதற்குள் நீங்கள் அவன் குண்டு எட்டாத தூரத்தில் இருப்பீர்கள். இதை யாரும் சொல்லித் தர வேண்டாம், பிக்கிளில் நாலு தடவை துரத்தப்பட்டால் கை தானாகவே கற்றுக்கொள்ளும். ஆழமில்லாத துறைமுகச் சண்டைகளில் பெரிய கப்பல்கள் நுழையவே முடியாது என்று வைத்ததும் நல்ல யோசனை.

இனி மனக்குறை. இந்த விளையாட்டில் முன்னேற்றம் என்றால் பீரங்கிக் கணக்கு. பதவி கூடக் கூட மாலுமிகள் கூடுவார்கள், கப்பல் பெரிசாகும். எல்லாருக்கும் கண் ட்ரிங்கோமலி மேல்தான். நம்ம திருகோணமலை பெயரில் 1817இல் பம்பாயில் கட்டிய ஃப்ரிகேட் அது. அதுக்கும் மேலே நெல்சனின் விக்டரி. இந்த அளவுகோலில் பிக்கிள் எங்கே நிற்கும்? அதன் ஒரு பக்கத்தில் பன்னிரண்டு பவுண்டு கேரனேட் நாலைந்துதான். எல்லாம் சேர்ந்து சுட்டாலும் அறுபது பவுண்டு தாண்டாது. விக்டரியின் முன்தளத்திலிருந்த கேரனேட் ஒன்றின் ஒரு குண்டே 68 பவுண்டு.

ஆனால் நிஜப் பிக்கிளைச் சரித்திரம் எதற்காக ஞாபகம் வைத்திருக்கிறது என்று பாருங்க. 1805 அக்டோபர் 21, டிரஃபால்கர். அன்று பிக்கிளின் வேலை சண்டை இல்லை. தீப்பிடித்து எரிந்த பிரெஞ்சுக் கப்பல் அஷீலிலிருந்து தண்ணீரில் விழுந்தவர்களைத் தூக்குவதில் அதுவும் சேர்ந்துகொண்டது. ஐந்து நாள் கழித்து, வென்ற செய்தியையும் நெல்சன் இறந்த செய்தியையும் லண்டனுக்குக் கொண்டு போகும் பொறுப்பைக் காலிங்வுட் அதனிடம் கொடுத்தார். வழியில் புயல். கப்பலுக்குள் தண்ணீர் ஏற, பாரம் குறைக்கத் தன் பீரங்கிகளில் சிலவற்றையே கடலில் தள்ளியது. நவம்பர் 4இல் ஃபால்மத். அங்கிருந்து கேப்டன் லாப்பனோட்டியர் 271 மைல், 37 மணி நேரம், 21 இடத்தில் குதிரை மாற்றி, 6ஆம் தேதி நள்ளிரவு தாண்டி லண்டனில் கடற்படைத் தலைமையகக் கதவைத் தட்டினார். சண்டை முடிந்து இரண்டு வாரம் ஆனபிறகுதான் இங்கிலாந்துக்கே விஷயம் தெரியும்.

பீரங்கியைத் தூக்கி எறிந்தாலும் தன் வேலையை முடித்த கப்பல் அது. இந்த வேலையைச் செய்ய நேவல் ஆக்‌ஷனில் வழியே இல்லை. சரக்கு ஏற்றலாம், இறக்கலாம். செய்தி ஏற்ற முடியாது. காரணம், செய்திக்கு அங்கே தூரமே கிடையாது. எதிரிக் கூட்டம் எங்கே வருகிறது என்று ஒருவர் அரட்டைப் பெட்டியில் தட்டினால் அந்த நொடியே கரீபியன் முழுக்கத் தெரிந்துவிடும். பாய் திரும்பும் கோணம்வரை கணக்குப் போட்டவர்கள், அந்தக் காலத்தின் மிகப் பெரிய உண்மையை விட்டுவிட்டார்கள். கப்பல் எவ்வளவு வேகமோ அவ்வளவுதான் அன்று செய்தியின் வேகம். அதனால்தான் கடற்படைகள் நூறு பீரங்கிக் கப்பலுக்குப் பக்கத்திலேயே இந்தப் பொடியன்களையும் வைத்திருந்தன.

இதற்கு ஒரு நியாயமான பதில் உண்டு. அரட்டைப் பெட்டியை எடுத்தாலும் ஆட்கள் வெளியே வேறு செயலியில் பேசிக்கொள்வார்கள், தடுக்க முடியாது. சரிதான். ஆனால் ஒரு துறைமுகத்தின் விலைவாசியோ, அங்கே நிற்கும் காவல் கப்பல்களோ, அது கைமாறிய சேதியோ, யாராவது கப்பலில் கொண்டு வந்து சேர்த்த பிறகுதான் வரைபடத்தில் மாறும் என்று வைக்கலாமே. கொண்டு வருபவருக்குச் சன்மானமும் பதவி உயர்வும் கொடுக்கலாம். லாப்பனோட்டியருக்குப் பதவி உயர்வு கிடைத்தது அப்படித்தான். அப்போது பிக்கிளைத் துரத்த பெரிய கப்பலுக்கும் ஒரு காரணம் கிடைக்கும். இன்றைக்கு அதைப் பிடித்து என்ன பயன்?

நிஜப் பிக்கிள் 1808இல் காடிஸ் பக்கம் தரைதட்டி உடைந்தது. விளையாட்டில் உள்ளது இன்னும் ஓடுது. புதுசா ஆரம்பிக்கிறவர்களுக்கு என் யோசனை ஒன்றுதான்: பதவி வந்ததும் உடனே அதை விற்றுவிடாதீங்க. சண்டைக்குப் போகாமல் காற்றை எதிர்த்து ஒரு நீளப் பயணம் போய்ப் பாருங்க. விளையாட்டு அதற்குப் புள்ளி தராது. ஆனா அந்தக் கப்பல் எதுக்குக் கட்டினதுன்னு புரியும்.