பின்பாட்டில் வாயை மூடுகிறவர்

காமன் கூத்து முடிந்த மறுநாள் தொழிலாளர் காலையில் கூடும் பெரட்டுக் களத்தில் எழும் பேச்சு இந்த மாசியிலும் மாறவில்லை. ரதி வேசக்காரன் கலக்கிவிட்டான், மதனுக்கு வேகம் போதாது, வீரபத்திரன் வந்த வரத்தில் பொட்டலே அதிர்ந்தது. அப்புறம் பணியக்கணக்கு என்னும் தோட்டத்தின் கீழ்ப்பிரிவுக்காரர்கள் மேல் அதே பழைய தீர்ப்பு: "பின்பாட்டுல பாதிப்பேரு வாயே தொறக்கல." வட்டகொடைச் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் இதைச் சொல்லாத ஆள் இல்லை. சொல்கிற எல்லோருமே ஆட்டத்தைத் தப்பாகப் படிக்கிறார்கள். அந்த வாய் மூடலில்தான் அவர்கள் ஜெயிக்கிறார்கள்.

மதன் எரிந்த பிறகு வரும் ரதி புலம்பலை எடுத்துக்கொள்வோம். விடியப்போகும் நேரம், எல்லோருக்கும் தொண்டை கட்டியிருக்கும். மற்றக் கூத்துகளில் மாஸ்டர் ஓர் அடி பாடுவார், பின்பாட்டு திருப்பிப் பாடும், அடுத்த அடிக்கு முன் ஒரு வெறுமை விழும். கூட்டம் கொட்டாவி விடுவதும் பிளேன்டீ தேடிப் போவதும் அந்த இடத்தில்தான். பணியக்கணக்கில் அந்த வெறுமை கிடையாது. அடியின் கடைசி எழுத்தை இழுத்து, ரதி அடுத்த அடியை எடுக்கும்வரை கீழே விடாமல் ஏந்தி நிற்கிறார்கள். ஒரே ஆளின் மூச்சில் இது நடக்காது. முறை வைத்து மூச்சு வாங்கினால்தான் நடக்கும்.

இரண்டாம் வரிசையில், தப்புக்காரர்களுக்கு இடப்பக்கம் நிற்கும் பெரியவர்தான் இதற்கு மூளை. அடி முடியும் இடத்தில் மூச்சு வாங்கத்தான் யாருக்கும் தோன்றும். அவர் அங்கே வாங்குவதே இல்லை. ஒரு நெடிலின் நடுவில், பக்கத்து ஆளின் குரல் பலமாக நிற்கும்போது நிறுத்துகிறார். மறுபடி சேரும்போது குரலைத் தணித்துக்கொண்டு அதே நெடிலுக்குள் நுழைகிறார். மெய்யெழுத்தை அழுத்தி நுழைந்தால் புதிதாக ஒருவர் தொடங்கியது காதுக்குத் தெரிந்துவிடும். அவர் சேர்ந்த பிறகே பக்கத்திலிருப்பவர் நிறுத்துகிறார். தன் குரல் நன்றாக எடுபடுகிற உச்சத்தில்கூட அவர் விட்டுக்கொடுத்ததைப் பார்த்தேன். அந்த ஒரு முடிவுக்காகவே அவரை இந்த மலையின் முதல் பின்பாட்டுக்காரர் என்பேன்.

சிம்பொனி வாத்தியங்களோடு பாடும் ஊர்க் குழுக்களுக்கும் இதே பிரச்சினைதான். 1824இல் வியன்னாவில் அரங்கேறிய பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியில், கடைசிப் பகுதியில், உச்சக்குரல் பெண்கள் ஒரே மேல்சுரத்தைப் பல தாளக்கட்டுகளுக்குப் பிடித்திருக்க வேண்டும். பாடுகிறவர்கள் பகலில் ஆசிரியர்கள், தாதியர், கடைக்காரர்கள். ஜப்பானில் டிசம்பர்தோறும் இப்படிப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் கூடி அதைப் பாடுகிறார்கள். அவர்களும் முறை வைத்துத்தான் மூச்சு வாங்குகிறார்கள். அங்கே அதைப் பயிற்சி என்கிறார்கள், இங்கே சோம்பல் என்கிறோம்.

தப்பு செட்டைப் பாருங்கள். நாலாயிரம் அடிக்கு மேலே, மாசிப் பனியில் தோல் ஈரம் வாங்கித் தொய்ந்துபோகும், ஓசை இறங்கும். ஒவ்வொருவராக நெருப்பருகே போய்க் காய்ச்சிக்கொண்டு வருவார்கள், மற்றவர்கள் அடியை விடமாட்டார்கள். பாதித் தப்பு அடிக்கவில்லை என்று யாராவது குறை சொன்னதுண்டா? தோலுக்கு ஒரு நியாயம், தொண்டைக்கு இன்னொன்றா?

இந்தத் தப்பெண்ணத்துக்குக் காரணமும் உண்டு. பக்கத்து மடக்கொம்பரையில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாடல்களைத் தேடித் தொகுத்ததால் சொற்கள் காகிதத்தில் பிழைத்தன. பாடியவர்கள் எங்கே நிறுத்தினார்கள் என்பது காகிதத்தில் ஏறுகிற விஷயமல்ல. அதனால் கூத்து என்றாலே நமக்குச் சொல்லும் ஆட்டமும் மட்டுமே கண்ணில் படுகின்றன.

இனி நடக்கப்போவதைச் சொல்கிறேன். அடுத்த மாசியில் மேற்பிரிவான மேக்கணக்கு பின்பாட்டுக்கு மைக் வைக்கும். மைக் பக்கத்தில் நிற்பவர் நிறுத்தவே முடியாது, ஏனென்றால் அவர் மூச்சு வாங்குவது பொட்டல் முழுக்கக் கேட்கும். மூன்று மணிக்குமேல் அவர் குரல் போகும், அதோடு அவர்கள் கூத்தும் படுத்துவிடும்.

2005இலேயே திருவாசகம் ஹங்கேரிய சிம்பொனிக் குழுவோடு ஒலித்துவிட்டது. கொழும்பில் 1958 முதல் ஒரு சிம்பொனிக் குழு இருக்கிறது. ரதி புலம்பலும் ஒருநாள் அப்படி மேடையேறும். அன்று நம் ஆட்கள் மூச்சில் தோற்கமாட்டார்கள், முதல் ஒத்திகையில் தாளத்தில்தான் திணறுவார்கள். பொட்டலில் தப்பு காதருகே இருக்கிறது. அரங்கில் வாத்தியங்களுக்குப் பின்னால் இருபது மீட்டர் தள்ளி நின்றால், முன்வரிசை ஓசை வந்துசேரவே ஒரு நொடியில் கிட்டத்தட்ட பதினேழில் ஒரு பங்கு ஆகும். காதை நம்பிப் பாடினால் பிந்துவார்கள். நடத்துநரின் கையைப் பார்த்துப் பாடப் பழக வேண்டும். இரண்டு மாதம் போதும்.

பெரியவருக்குப் பிறகு யார்? வலது ஓரத்தில் கத்திப் பாடும் பையனைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அவனுக்கு நிறுத்தத் தெரியாது, அவன் வரமாட்டான். இதுவரை ஆண்களே நின்ற அந்த வரிசைக்கு, கொழுந்து மலையில் முறை மாற்றிப் பாடிப் பழகிய ஒரு பெண் வருவாள். எந்தக் கணக்கு அவளை முதலில் சேர்க்கிறதோ, அடுத்த ஐந்து மாசிக்கும் கூத்து அந்தப் பொட்டலில்தான்.