நிருபத்தில் மானம்: பிலேமோனும் கொட்டியாரமும்

மானமும் நாணும் தமிழ் அறநூல்களுக்குப் புதியன அல்ல. திருக்குறள் இவ்விரண்டிற்கும் தனித்தனி அதிகாரம் வகுத்துள்ளது. அங்கு நாண் என்பது பிறர் சுமத்தும் இழிவன்று. தகாத செயலுக்குத் தானே கூசும் உள்ளப் பண்பு. இவ்வேறுபாட்டை உளங்கொண்டு நோக்குமிடத்து, பவுல் பிலேமோனுக்கு எழுதிய நிருபம் புதுப்பொருள் தருகின்றது.

முதலாம் நூற்றாண்டிற் சிறையிலிருந்து எழுந்த இச்சிறு நிருபம், எசமானைப் பிரிந்த அடிமையாகிய ஒநேசிமுவை மீள ஏற்குமாறு வேண்டுகின்றது. உரோம உலகில் விலங்கு இழிவின் குறி. பவுலோ அதனையே தம் அடைமொழியாக்குகிறார். கட்டளையிடும் உரிமை தமக்குண்டெனச் சுட்டி, அதனைக் கைவிட்டு, இரந்து நிற்கிறார். அடிமையின் கடனைத் தம் கணக்கில் ஏற்றுத் தம் கையாலேயே உறுதி எழுதுகிறார். பிலேமோன் தமக்குப் பட்டுள்ள பெருங்கடனையும் உடனே நினைவூட்டுகிறார். நிருபம் அப்பியாளையும் அர்க்கிப்பையும் வீட்டிற் கூடும் சபையையும் விளித்தே தொடங்குகிறது. ஆதலின் மறுக்கும் எசமான் பலர் முன்னிலையில் நாண நேரும். இசைபவன் பெருமை பெறுவான். இரக்கத்தையே மானமாக்கியமை இந்நிருபத்தின் வெற்றி எனலாம்.

எனினும் ஒரு குறை உண்டு. பேசப்படுபவன் பேசவில்லை. 'பயனுடையவன்' எனப் பொருள்படும் அவன் பெயரும் சொல்நயத்திற்குப் பயன்படுகிறது. அவன் நெஞ்சம் மட்டும் புலப்படவில்லை.

திருகோணமலைத் துறைமுகத்தின் தென்பாலுள்ள கொட்டியாரக் குடாவில் நிகழ்ந்த ஒரு செயலோடு ஒப்பிடின் இக்குறை தெளிவாகும். 1660 ஆம் ஆண்டு, புயலிற் பாய்மரம் இழந்த 'ஆன்' கப்பலோடு அங்கு வந்த ஆங்கிலேயக் கப்பற்றலைவர் நொக்ஸ், கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் சிறைப்பட்டார். செய்தியோடு கப்பலுக்கு அனுப்பப்பட்ட மகன் றொபேட் நொக்ஸ் அங்கேயே தங்கித் தப்பியிருக்கலாம். தந்தைக்கு அளித்த வாக்கினாற் கரைக்கு மீண்டார். அவர் கொணர்ந்த கடிதத்தில், இனித் தலைவரின் ஆணைக்கு அடங்கோம் எனக் கப்பலோர் எழுதியிருந்தனர். வெளிப்பார்வைக்குத் தலைவரை அவமதிக்கும் அச்சொல், கப்பல் வாராமைக்கான பழி அவர்மேல் விழாது காக்கவே எழுந்தது. பவுலைப் போன்று, இழிவின் உருவத்தில் அன்பு செய்த எழுத்து அது.

தந்தை 1661 இற் சிறையிலேயே இறந்தார். 1679 இல் தப்பிய மகன், 1681 இல் தம் வரலாற்றை நூலாக வெளியிட்டார். மீண்டவனின் மானம் அவன் வாய்மொழியாலேயே நிலைபெற்றது. ஒநேசிமுவுக்கு அப்பேறு கிட்டவில்லை. அம்மௌனத்தின் விளைவு சிறிதன்று. 19 ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில், தப்பியோடிய அடிமைகளைத் திருப்பி அனுப்புவதற்கு இந்நிருபமே சான்றாகக் காட்டப்பட்டது. அவனை அடிமையாகவன்றிச் சகோதரனாக ஏற்க வேண்டுமென்ற வேண்டுகோளை விடுத்து, திருப்பி அனுப்பியதை மட்டுமே அவ்வாறு வாதிட்டோர் கண்டனர்.

எசமானின் நாணத்தை எழுப்பிய நிருபம், அடிமையின் மானத்தைப் பிறர் நாவிலேயே விட்டுச் சென்றது. அதனை அவன் பக்கம் நின்று படித்தலே அவ்வேண்டுகோளுக்குச் செய்யும் நீதியாகும்.