கோப்பிக் கும்மியும் அரைப்பேரும்

கம்பளையை அடுத்த சின்னப்பிட்டியில் 1824ஆம் ஆண்டளவில் ஜோர்ஜ் பேர்ட் என்ற வெள்ளையர் கோப்பித் தோட்டம் ஒன்றைத் திறந்தார். இலங்கையில் வர்த்தக நோக்கோடு எழுந்த கோப்பித் தோட்டங்களின் வரலாற்றை அங்கிருந்தே தொடங்குவது வழக்கம். அடுத்த ஐம்பது ஆண்டுகளில் கோப்பி மலைநாட்டுக் காடுகளை அழித்து இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேல் பரவிற்று. 1867இல் கண்டிக்கும் 1873இல் கம்பளைக்கும் புகைவண்டி வந்ததற்குக் கோப்பி மூட்டைகளே முதற்காரணம். இத்துணை வேகமாக வளர்ந்த தொழிலைப் பற்றி அதில் உழைத்த தமிழர் என்ன கருதினர்?

அச்சில் கிடைக்கும் பழைய விடை, ஆபிரகாம் ஜோசப் 1869இல் வெளியிட்ட 'கோப்பிக் கிருஷிக் கும்மி'. ஆசிரியர் தோட்ட நிர்வாகத்தைச் சார்ந்து உத்தியோகம் பார்த்தவர். கோப்பிச் செய்கையைப் பாடுவதோடு துரைமாரின் முயற்சியையும் போற்றுகிறார். மலையக இலக்கியத்தின் முன்னோடி நூல் என்று இதனைத் தலையில் தூக்கி வைப்போரும் உளர். வெறும் துரைத்துதி என்று தள்ளிவிடுவோரும் உளர். இரு சாராரோடும் நாம் உடன்படுவதற்கில்லை.

ஆபிரகாம் ஜோசப்பும் சம்பளத்துக்கு வேலை செய்தவரே. தோட்டம் அவருடையதன்று. ஆயினும் அது வளர வளரத் தாமும் வளர்வதாக நம்பும் மனநிலை, துரைக்கும் லயத்துக்கும் இடையே நிற்கும் உத்தியோக வர்க்கத்துக்கு இயல்பானது. அந்த நம்பிக்கையை அவர் பொய்யாகப் பாடினார் என்று நாம் கூறமாட்டோம். எமது குறை வேறு. கும்மி, பெண்கள் வட்டமிட்டுக் கைகொட்டிப் பாடும் பாட்டு. கோப்பித் தோட்டத்தில் பழம் பறித்தவர்களிலும் பெண்கள் பலர். அவர்களுக்குரிய பாட்டை எடுத்து, அவர்களை ஆள்பவரின் புகழை அதில் ஏற்றி, அவர்களிடமே திருப்பிக் கொடுப்பது என்ன நியாயம்? (எல்லா வகைப் பிரசாரத்துக்கும் கும்மி பயன்பட்ட காலம் அது என்பதை மறுக்கவில்லை.)

லயத்தின் விடை அச்சேறவில்லை, வாய்மொழியாகவே உலவிற்று. தோட்டத்திலே பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் பிற்காலத்தில் தேடித் தொகுத்ததால் அதிற் சிறு பகுதி நமக்குக் கிட்டியது. செங்குத்தான சரிவில் ஏறிப் பறிக்கையில் ஒரேயொரு பழம் தவறியதற்காகச் சின்னத்துரையிடம் உதைபட்ட செய்தியை அப்பாடல்களில் ஒன்று கூறுகிறது. அதில் ஒப்பாரி இல்லை, உவமையும் இல்லை. நடந்ததைச் சொல்லி நின்றுவிடுகிறது. கும்மி முழுவதிலும் இதற்கு நிகரான கவிதை இல்லை என்பது எம் துணிபு.

தோட்டத்தில் ஒரு நாள் உழைப்புக்குப் 'பேர்' என்று பெயர். செக்றோலில் முழுப்பேர் விழுந்தால் முழுச் சம்பளம். கணக்கப்பிள்ளைக்குத் திருப்தி இல்லையேல் அரைப்பேர். மனிதனுடைய பெயரையே பாதியாக வெட்டும் இச்சொல் எந்தக் கவிஞன் படைத்ததும் அன்று. ஊரில் வாங்கிய முன்பணம் கங்காணியின் கணக்கில் கடனாக நின்றது. கடனைத் தீர்த்தால் விடுவிப்பதாகக் கூறும் துண்டு இன்றி வேறு தோட்டம் செல்லவும் வழியில்லை. 1865ஆம் ஆண்டின் சட்டப்படி, முன்னறிவித்தல் இன்றி வேலையை விட்டுப் போவது சிறைக்குரிய குற்றம். துண்டு முறை ஒழிய 1921 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தொழில் வளர்ந்ததை உத்தியோகத்தர் ஏக்கரில் அறிந்தார். லயத்திலிருந்தவர் கடனில் அறிந்தார்.

கும்மி வெளிவந்த அதே 1869இல் மடுல்சீமையில் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் நோய் காணப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி மடிந்தது. 1884இல் ஓரியண்டல் வங்கி கதவை மூடியது. துரைமார் பலர் நொடித்தனர். தொழிலாளர் சம்பளப் பாக்கியை இழந்து ஊர் திரும்பினர். எஞ்சிய தோட்டங்களில் தேயிலை வந்தது. செடி மாறிற்று, லயமும் கங்காணியும் செக்றோலும் மாறவில்லை. கோப்பியைப் பாடிய வாய்கள் தேயிலையைப் பாடலாயின.

கம்பளை வட்டாரத்தில் இலக்கியம் கற்பிக்கும் ஆசிரிய நண்பர்கள் ஜோசப்பின் கும்மியை மாணவருக்கு எடுத்துரைக்கத்தான் வேண்டும். ஆனால் அதே பாடவேளையில், தவறிய அந்த ஒரு பழத்தின் பாட்டும் ஒலிக்க வேண்டும். அரைப்பேர் என்பதன் பொருளை அவர்கள் விளக்க வேண்டியிராது. கொழுந்தின் நிறை குறைந்த நாளுக்கு அரைப்பேர் வாங்கி வந்த தாயின் பிள்ளைகள் அவ்வகுப்புகளில் இன்றும் இருக்கிறார்கள்.