முப்பது மீட்டரும் ஒரு மீட்டரும்

டிஎம்டி எனும் முப்பது மீட்டர் தொலைநோக்கியில் இந்தியாவும் பங்காளி என்று தமிழில் வரும் கட்டுரைகளை விடாமல் படிக்கிறேன். பெரும்பாலானவை ஆடியின் விட்டத்தோடு நின்றுவிடுகின்றன. டிஎம்டி 30 மீட்டர், சிலியில் ஐரோப்பியர்கள் கட்டும் இஎல்டி 39 மீட்டர், அங்கேயே எழும்பும் மெகல்லன் 25 மீட்டர். எங்க நாமக்கல்ல லாரி பாடி கட்டுற பட்டறையில போய் இப்படி நீளத்தை மட்டும் சொன்னா, "அது சரிங்க, வண்டி வருஷத்துல எத்தனை நாள் ஓடும்?"னு திருப்பிக் கேட்பாங்க. வானியலுக்கும் அதுதான் முதல் கேள்வி.

சேலத்திலிருந்து வடக்கே ஊத்தங்கரை, திருப்பத்தூர் தாண்டினால் ஜவ்வாது மலையில் காவலூர். வைணு பாப்பு தேர்ந்தெடுத்த இடம். 1972-ல் அங்கே ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. அதே ஆண்டு வியாழனின் நிலவான கனிமீடு ஒரு விண்மீனை மறைத்தபோது, அந்த நிலவுக்கு மெல்லிய வளிமண்டலம் இருக்கலாம் என்பதற்கான தடயம் அங்கே பதிவானது. 1977-ல் யுரேனஸின் வளையங்களைக் கண்ட குழுக்களில் காவலூரும் ஒன்று. ஒரு மீட்டர்தான்! சரியான நேரத்தில் சரியான இடத்தில் இருந்தார்கள், அவ்வளவே. 1986-ல் வந்த 2.34 மீட்டர் தொலைநோக்கி இன்றும் இயங்குகிறது. ஆனால் பருவமழை மேகமும், சுற்றியுள்ள ஊர்களின் வெளிச்சமும் இரவுகளைத் தின்கின்றன. கட்டுரைகளில் இந்தக் காவலூர் பழம்பெருமையாக ஒரு வரியில் வந்து போய்விடுகிறது.

டிஎம்டி, அந்த 2.34 மீட்டரைவிட 160 மடங்குக்கும் அதிகமாக ஒளி திரட்டும். ஆடி ஒரே துண்டு இல்லை, 492 அறுகோணத் துண்டுகள். அவற்றில் ஏறக்குறைய 90-ஐ இழைத்துத் தருவது இந்தியாவின் பொறுப்பு. அதற்கான கூடம் பெங்களூரை அடுத்த ஹொசகோட்டேயில். 2014-ல் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்டது சுமார் 1,300 கோடி ரூபாய். அதில் 70 சதவீதம் பணமாக இல்லை, பொருளாகவும் வேலையாகவும். எனக்கு இந்தத் திட்டத்தில் பிடித்ததே இதுதான். தொலைநோக்கி எழும்பாமலே போனாலும் கை பழகிய வேலை நம்மிடம் தங்கும்.

எழும்பாமல் போகவும் வாய்ப்பு உண்டு. ஹவாய் மக்களுக்கு மௌனா கியா புனித மலை. 2015-லும் 2019-லும் சாலையை மறித்தார்கள். இதை "அறிவியலுக்கு எதிர்ப்பு" என்று எழுதுகிறவர்களிடம் ஒன்று கேட்கணும்: கொல்லிமலையில் அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு மேலே 18 மாடி உயரக் கட்டடம் கட்ட வந்தா, நாம சும்மா இருப்போமா? 2025-ல் அமெரிக்க அரசின் பட்ஜெட் முன்மொழிவு மெகல்லனை மட்டும் அடுத்த கட்டத்துக்கு எடுத்துக்கொண்டது. லா பால்மா தீவுக்கு வந்தால் 40 கோடி யூரோ தருகிறோம் என்றது ஸ்பெயின்.

எந்தத் திசையிலும் திருப்பக்கூடியவற்றில் நம் மண்ணில் இருக்கும் மிகப் பெரிய ஒளியியல் தொலைநோக்கி தேவஸ்தலில் 3.6 மீட்டர். அங்கிருந்து முப்பதுக்குத் தாவுகிறோம். சுமார் 10 சதவீதப் பங்கு என்றால், நல்ல வானிலையில் ஆண்டுக்கு முப்பது இரவு வரலாம். அதை யார் பயன்படுத்துவார்கள்? எட்டு, பத்து மீட்டர் கருவியில் பழகிய ஆட்கள் வேண்டும். தென்னாப்பிரிக்காவின் சால்ட்டில் புனேயின் ஐயூகாவுக்குச் சிறு பங்கு உண்டு, அது போதாது. லடாக்கின் ஹான்லேயில் 10 மீட்டருக்கு மேற்பட்ட சொந்தத் தொலைநோக்கி வேண்டும் என்ற யோசனை பல வருஷமாகப் பேச்சிலேயே இருந்தது. முப்பது மீட்டரைவிட அதற்குத்தான் நான் முதலில் கை தூக்குவேன்.

இன்னொன்றும் கட்டுரைகளில் விடுபடுகிறது. சிலியின் ரூபின் ஆய்வகம் 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்டது. வானில் மாறியதையெல்லாம் எச்சரிக்கையாக அனுப்பும். முழு வேகத்தில் இரவுக்கு ஒரு கோடி வரை. அந்த எச்சரிக்கைகள் யாருக்கும் திறந்தவை. ராசிபுரம் கல்லூரியில் இயற்பியல் படிக்கும் ஒரு பிள்ளைக்கு மலை ஏறாமலே அதில் வேலை இருக்கு. பைத்தானும் புள்ளியியலும் சொல்லிக்கொடுக்க ஒரு ஆசிரியர் கிடைக்கணும்.