ராத்திரியில் பெருக்கும் பூசணி

மஞ்சள் பூசணி வளர்ப்பதில் இருக்கிற குஷி வேறெதிலும் கிடையாது. இதை வத்தலக்குண்டு முழுக்கத் தமுக்கடித்துச் சொல்ல நான் தயார்!

என் கொல்லையில் ஓடுவது கோ 1 ரகம். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கொடை. காய் ஒன்று ஏழெட்டுக் கிலோ தேறும். பயிர் முடிய 175 நாள். ஆடியில் குழியெடுத்து, மக்கிய தொழுவுரம் போட்டு விதையை ஊன்றினால் தை வரைக்கும் கொண்டாட்டம்தான். மண்ணின் சூடு 30 டிகிரியை ஒட்டி இருந்தால் முளைப்பு அமோகம். அதை ஆடி மண் சும்மாவே கொடுத்துவிடுகிறது.

அசல் வேடிக்கை பூவில்தான். வெக்கை கூடினால் கொடி முழுக்க ஆண்பூ. பொழுது குறுகி, ராத்திரி குளிரத் தொடங்கினால் பெண்பூ வரிசையாக வரும். பூவுக்கு அடியில் கோலிக்குண்டு அளவுக்குப் பிஞ்சு உட்கார்ந்திருந்தால் அது பெண். விடியலில் விரிகிற பூ உச்சிக்குள் சுருங்கிவிடும். வெயில் ஏற ஏற மகரந்தத்துக்கும் வீரியம் போய்விடும். அதனால் காலைக் காப்பிக்கு முன்னாலேயே ஓர் ஆண்பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, பெண்பூவின் நடுவில் நானே தடவிவிடுவேன். பிஞ்சு நின்றுவிட்டால் அன்றைக்கு எனக்குத் தீபாவளி! மார்கழிக் கோலத்துக்குப் பூ கேட்டு வருகிற பிள்ளைகளுக்கும் ஆண்பூ மட்டும்தான்.

மத்தியானம் இலையெல்லாம் துவண்டு தொங்கும். பதறிப்போய் வாளியைத் தூக்கினால் பக்கத்துத் தோட்டத்து அக்கா சிரிப்பார்: “தம்பி, உச்சி வெயில்ல தொங்குனா பயப்படாதீங்க. பொழுது சாஞ்சும் நிமிரலைன்னாத்தான் தண்ணி.” நூற்றுக்கு நூறு உண்மை.

சாயங்காலம் காயின் இடுப்பை டேப் வைத்து அளந்துவிட்டு, விடிந்ததும் மறுபடி அளந்து பாருங்கள். அடடா! இலை நீரை ஆவியாக விடுவது ராத்திரியில் அடங்குவதால் தண்ணீர் காய்க்குப் போகிறது. பகலில் சேர்த்த சர்க்கரையைப் புழுக்கமான ராத்திரி மூச்சிலேயே தின்று தீர்த்துவிடும். குளிர்ந்த ராத்திரி அதைக் காய்க்கு மிச்சம் வைக்கும். கொடைக்கானல் மலைப் பக்கமிருந்து கார்த்திகையில் இறங்குகிற குளிர்காற்றுக்கு நான் கோயில் கட்டக்கூடத் தயார்!

கோடையில் விதைத்தால் கதையே வேறு. 35 டிகிரியைத் தாண்டிவிட்டால் கொடிக்கு உயிரைக் காப்பாற்றிக்கொள்வதே பெரும்பாடு. சூட்டில் காய் சீக்கிரம் முற்றிவிடுவதால் பருக்க நேரமும் கிடைக்காது. மேற்குப் பார்த்த காய்கள் வெயிலில் வெந்துபோகாமல் வைக்கோல் போட்டு மூடுகிறோம் நாம். குளிர்நாட்டில் ராட்சதப் பூசணி வளர்ப்பவர்களோ காய்க்குக் கம்பளி போர்த்துகிறார்கள்! கனடாவின் ஹோவர்ட் டில் உருவாக்கிய ‘அட்லாண்டிக் ஜெயன்ட்’ ரகம் அது. நம்முடையதிலிருந்து வேறு இனம். 2025 அக்டோபரில் இங்கிலாந்தின் பேட்டன் இரட்டையர் பசுமைக்குடிலில் வளர்த்து நிறுத்தியது 1,278 கிலோ! மிதமான சூடும் நீண்ட பகலும் சேர்ந்தால் அந்த ரகம் மலையாகிவிடும்.

நமக்கு மலை வேண்டாம். பொங்கலுக்கு ஊரையே கூப்பிட்டுக் கூட்டு வைக்கிற அளவுக்கு ஒரு காய் போதாதா? வர்ற ஆடிப்பெருக்குக்குள் குழி எடுத்துவிடுங்கள். விதை நான் தருகிறேன். பதிலுக்கு ஒன்றே ஒன்று: ராத்திரியில் எத்தனை அங்குலம் கூடியது என்று காலையிலேயே எனக்குச் சொல்லிவிட வேண்டும்!