50 கிலோ மூட்டை: ஒரு விமர்சனம்

ராஜபாளையத்திலிருந்து அய்யனார் கோவில் போகும் வழியில், ஒரு மாந்தோப்புக்குள் தண்ணீர்த் தொட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். சிமெண்ட் வண்டி ரோட்டோரமே நின்றுவிட்டது. அதற்கு மேல் வரப்புதான். லோடுமேன் ஒருவர் துண்டைச் சுருட்டி சும்மாடு வைத்துக்கொண்டார், இன்னொருவர் மூட்டையைத் தூக்கி ஏற்றிவிட்டார். தோப்புக்குள் போய்ச் சேர்ந்ததும் இறக்கிவிட ஆள் இல்லை. பொத்தென்று போட்டார். ஓரம் கிழிந்து கொஞ்சம் கொட்டியது. மொத்தம் 30 மூட்டை. அதாவது ஒன்றரை டன்.

கிழிந்ததற்கு அவரைத்தான் திட்டினார்கள். எனக்கு அந்த மூட்டையைத் திட்டணும்போல இருந்தது. அதுவும் ஒருத்தர் யோசித்து உருவாக்கிய பொருள்தானே? அப்படியென்றால் அதையும் விமர்சிக்கலாம்.

இதே சிமெண்ட் ஆலைக்குள் எப்படி நகர்கிறது என்று பாருங்க. ராஜபாளையத்துக்காரரான பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1957-ல் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் கம்பெனியைத் தொடங்கியதிலிருந்து, சிமெண்ட் நம்ம பக்கத்துக்கும் சொந்தத் தொழில்தான். எந்த ஆலையானாலும் கதை ஒன்றுதான். சுண்ணாம்புக்கல் பெல்ட்டில் வரும். பொடி, வாளி கோர்த்த சங்கிலியில் மேலே ஏறும், திருகு சுழலும் தொட்டியில் நகரும், காற்றடித்துக் குழாயில் ஓடும், கடைசியில் சைலோவில் விழும். வாளிச் சங்கிலியையும் திருகையும் இணைத்து, மாவு மில்லில் மனிதக் கை படாமல் தானியத்தை நகர்த்திக் காட்டியவர் அமெரிக்காவின் ஆலிவர் எவன்ஸ். அது 1780-களில்! ஆக, 200 வருஷத்துக்கு முன்பே மில்லுக்குள் தலைச்சுமை தேவையில்லை என்று ஆகிவிட்டது. ஆலையின் கேட்டைத் தாண்டினால்தான் அது திரும்ப வருகிறது.

முதலில் மூட்டையின் நல்ல பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். அது வெறும் பை இல்லை, ஒரு அளவை. தளர்வாகக் கொட்டின சிமெண்ட் ஒரு கன மீட்டர் சுமார் 1440 கிலோ என்று கணக்கு வைப்பார்கள். அப்படிப் பார்த்தால் 50 கிலோ என்பது கிட்டத்தட்ட 35 லிட்டர். அதனால்தான் மணலும் ஜல்லியும் அளக்கிற பெட்டியும் 35 லிட்டர். 1:2:4 கலவையா? ஒரு மூட்டை, இரண்டு பெட்டி மணல், நாலு பெட்டி ஜல்லி. தராசே வேண்டாம்.

நம்ம ஊரில் பெட்டிக்குப் பதில் சட்டிக் கணக்குதான். ஒரு சட்டி தலைதட்டி வரும், அடுத்தது கும்பாச்சியாக வரும். ஈர மணல் உப்பிக்கொண்டு 20 சதவீதத்துக்கு மேல்கூட அதிக இடம் பிடிக்கும். தண்ணீரோ கண் அளவு. இத்தனை தப்புக்கு நடுவில் சைட்டில் சரியாக இருக்கிற ஒரே அளவு அந்த மூட்டைதான். இதைச் சொல்லாமல் மூட்டையைக் குறை சொல்வது நியாயம் இல்லை.

ஆனால் யாருடைய வசதிக்கான அளவு அது? அமெரிக்க மூட்டை 94 பவுண்டு, அதாவது 42.6 கிலோ. காரணம், அது சரியாக ஒரு கன அடி சிமெண்ட். அங்கேயும் இங்கேயும் கலவைக்கு ஒத்துவருகிற அளவாகத்தான் மூட்டை இருக்கிறது. கழுத்துக்கு ஒத்துவருமா என்ற கேள்வி அந்தக் கணக்கில் இல்லை.

உடம்பை வைத்துக் கணக்குப் போட்டவர்களும் உண்டு. 1967-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, வயது வந்த ஆண் சுமக்க 55 கிலோ உச்சம் என்று பரிந்துரைத்தது. நம்ம மூட்டை அதற்கு உள்ளேதான் என்று சிலர் நிம்மதி அடையலாம். ஆனால் 1991-ல் அமெரிக்காவின் தொழில்சார் சுகாதார நிறுவனம் சொன்ன சூத்திரத்தில், எல்லாம் சாதகமாக இருந்தாலும் ஒருவர் தூக்கத் தக்க எடை 23 கிலோதான். பிரிட்டனில் சிமெண்ட் மூட்டை 25 கிலோவுக்கு இறங்கிவிட்டது. இங்கே 10 டன் லாரியை இரண்டு பேர் இறக்கினால், ஆளுக்கு 100 மூட்டை. ஒரு தலை வழியாக 5 டன்.

25 கிலோ ஆக்கினால் என்ன கெடும்? அளவை கெடாது. அரை மூட்டைக்கு அரைப் பெட்டி, அவ்வளவுதான். செலவு கூடும் என்பார்கள். உண்மைதான், ஒரு டன்னுக்கு 20 பை போய் 40 பை ஆகும், நிரப்பும் வேலையும் கூடும். ஆனால் அதே கடையில் டைல்ஸ் ஒட்டுகிற பசை 20 கிலோ பையில்தானே விற்கிறது? அங்கே கட்டுபடியாகிற கணக்கு இங்கே மட்டும் ஏன் இடிக்கிறது?

"அவங்களே ரெண்டு ரெண்டா தூக்குவாங்க சார்" என்பது அடுத்த பதில். தூக்கத்தான் செய்வார்கள். ஆனால் முடியாதவருக்கு ஒன்றாவது தூக்குகிற வழி இருக்கும். 50 கிலோ மூட்டையில் பாதியை எடுத்துக்கொண்டு நடக்க ஒரு சித்தாளுக்கு வழியே இல்லை.

உண்மையான சிக்கல் கூலியில் இருக்கிறது. ஏற்று இறக்குக் கூலி பெரும்பாலும் மூட்டைக் கணக்கு. மூட்டை பாதியானால் மூட்டைக் கூலியையும் பாதியாக்குவார்கள். நடை இரட்டிப்பாகும், காசு அதேதான் கிடைக்கும். அப்படி நடந்தால் லோடுமேனே முதல் ஆளாகச் சண்டைக்கு வருவார், வரணும். அதனால் எடையைக் குறைப்பதோடு கூலியையும் புதிதாகப் பேசணும். ஒன்றை மட்டும் செய்தால் அது சீர்திருத்தம் ஆகாது.

பல்க்கர் லாரி இருக்கே, ரெடிமிக்ஸ் இருக்கே என்று கேட்கலாம். பெரிய சைட்டுக்கு இருக்கிறது. வரப்பு மேல் அது வராது. மூட்டை இன்னும் ரொம்ப நாள் இருக்கத்தான் போகிறது. அதனால்தான் அதன் எடையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

என் முடிவு: அளவையாக இந்த மூட்டை நல்ல கண்டுபிடிப்பு. சுமையாக, பாதியிலேயே நிறுத்திவிட்ட கண்டுபிடிப்பு.