சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ குறுநாவலில் சினமும் திறனும்

ஆய்வுச் சுருக்கம்

சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ பழிவாங்கும் கதையாகவும், அதிகாரத்திற்கு எதிரான கதையாகவும், தமிழர் பண்பாட்டு ஆவணமாகவும் வாசிக்கப்பட்டு வருகிறது. மாடு அணைதல் என்னும் திறனே இக்குறுநாவலின் மையப்பொருள் என்றும், சினத்தை அடக்கினால் மட்டுமே அத்திறன் கைகூடும் என்னும் முரணில்தான் கதையின் இறுக்கம் பிறக்கிறது என்றும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: வாடிவாசல், செல்லப்பா, மாடு அணைதல், திறன், சினம், முல்லைக்கலி

முன்னுரை

‘எழுத்து’ இதழை 1959-இல் தொடங்கித் தமிழில் புதுக்கவிதைக்கும் திறனாய்வுக்கும் களம் அமைத்தவர் சி.சு. செல்லப்பா (1912–1998). அவருடைய புனைவுகளுள் பரவலாக அறியப்பட்டது ‘வாடிவாசல்’. செல்லாயி சல்லிக்கட்டில் ஒரு பிற்பகலில் நிகழ்வதே இதன் கதை. காரி என்னும் காளையால் உயிரிழந்த அம்புலியின் மகன் பிச்சி, மருதனுடன் அக்களத்திற்கு வருகிறான். ஜமீன்தாருக்கு உரியதாகிவிட்ட காரியைப் பிடிப்பதே அவன் நோக்கம்.

சல்லிக்கட்டுக்கு உச்ச நீதிமன்றம் 2014-இல் விதித்த தடையும், 2017 சனவரியில் மெரினாவில் எழுந்த போராட்டமும், தமிழ்நாட்டின் சட்டத்திருத்தம் செல்லும் என்ற 2023-ஆம் ஆண்டுத் தீர்ப்பும் இப்பனுவலைப் பொதுவெளியின் கவனத்திற்குக் கொண்டுவந்தன. அதனால் வாசகர் எண்ணிக்கை பெருகியது. வாசிப்பின் திசையோ குறுகியது. மரபின் பெருமைக்குச் சான்றாகப் பனுவலைக் காட்டுவோரும், அம்மரபின் கொடுமைக்குச் சான்றாகக் காட்டுவோரும் களத்தில் என்ன நிகழ்கிறது என்பதைக் கடந்து சென்றுவிடுகின்றனர். பனுவலின் பக்கங்களை மிகுதியும் நிறைப்பவை காத்திருப்பும் நோட்டமும் கணிப்புமே. இவற்றுக்குப் பொருள் காணாத வாசிப்பு குறையுடையதாகவே அமையும்.

நோட்டம் என்னும் முதற்பயிற்சி

திமிலைத் தொடுவதற்கு நெடுநேரம் முன்பே அணைபவனின் வேலை தொடங்கிவிடுகிறது. வாடியிலிருந்து வெளிப்படும் காளை இடப்புறம் திரும்புமா, வலப்புறம் திரும்புமா, நேரே ஓடுமா, நின்று குத்துமா என்பதைச் சில நொடிகளில் கணிக்க வேண்டும். பிச்சியும் மருதனும் வாடிவாசலருகே நின்று காளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் பகுதிகளை வெறும் சூழல் வருணனையாகக் கொள்ளலாகாது. எந்தக் காளையை விட்டுவிடுவது, எதன்மீது கைவைப்பது என்ற தெரிவும் திறனின் ஒரு கூறேயாகும். காரிக்காகக் காத்திருக்கும் பிச்சி அதற்கு முன் வேறு காளைகளையும் அணைகிறான். அவன் கை எத்தகையது என்பதைக் களத்துக்கும் வாசகருக்கும் உணர்த்தும் நிகழ்வுகள் இவை.

இந்நோட்டத்திற்குச் சொல்வடிவம் தருபவர் பாட்டையா. பழைய காளைகளையும் அவற்றை அணைந்தவர்களையும் நினைவில் வைத்திருக்கும் அம்முதியவருக்கு, பிச்சி யார் என்பது அம்புலியின் பெயரைக் கேட்டதும் விளங்கிவிடுகிறது. அம்புலி எத்தகைய அணைபவன் என்பதே அவர் நினைவில் முதலாவதாக நிற்பது. எழுத்தில் பதிவாகாத ஒரு கலையின் வரலாறு அவருடைய பேச்சில் வாழ்கிறது. உரையாடலில் செல்லப்பா கையாளும் தென்மாவட்டப் பேச்சுவழக்கை வட்டாரச் சுவைக்கான உத்தியாக மட்டும் மதிப்பிட இயலாது. களத்தின் நுட்பங்கள் அவ்வழக்கின் சொற்களில்தான் பொதிந்துள்ளன. பொதுத்தமிழுக்கு மாற்றினால் செய்தி எஞ்சும், கைத்திறனின் தடம் மறைந்துவிடும்.

அறிந்த பார்வையாளரின் வாய்வழியே களத்தைக் காட்டும் முறை தமிழில் பழமையானது. சோழன் நல்லுருத்திரன் பாடியதாகக் கொள்ளப்படும் கலித்தொகையின் முல்லைக்கலியில் ஏறுதழுவல் பெரிதும் காண்போரின் கூற்றாகவே விரிகிறது. காரி என்ற பெயரும் கரிய ஏற்றைக் குறித்து அங்கே வருகிறது. ஆயினும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. முல்லைக்கலியில் ஏற்றைத் தழுவியவனுக்கு ஆயமகளின் கை கிடைக்கிறது. ஆட்டம் மணத்தில் நிறைவுறுகிறது. ‘வாடிவாசலில்’ மணப்பரிசு இல்லை. தந்தையின் தோல்வியை நேர்செய்ய வேண்டிய கடன் மட்டுமே பிச்சியை உந்துகிறது.

பழியும் அடக்கமும்

பழிவாங்கலுக்குச் சினம் வேண்டும். மாடு அணைதலில் சினம் கொண்டவன் பிழைக்க மாட்டான். இவ்விரண்டையும் ஒரே மனிதனிடத்தில் வைத்ததே செல்லப்பாவின் தேர்ச்சி. சினம் பார்வையைக் குறுக்கும்; ஒரு நொடி முன்னதாகப் பாயவைக்கும். அந்த ஒரு நொடியிலேயே கொம்பு உடலில் ஏறிவிடும். எனவே தந்தையைக் கொன்ற காளையின் முன் நிற்கும் மகன், அதைத் தன் பகையாகக் கருதாமல் ஒரு காளையாக மட்டுமே பார்க்க வேண்டியவனாகிறான். பழியைத் தீர்க்கவேண்டுமாயின் பழியுணர்வை ஒதுக்கிவைக்க வேண்டும் என்ற நிலை இது.

அச்சமும் இவ்வாறே. அம்புலி திறன் குறைந்தவன் அல்லன், பேர்பெற்ற அணைபவன். அவனையே காரி வீழ்த்தியது என்னும்போது, தேர்ச்சி உயிருக்கு உறுதி தராது என்பதையும் பிச்சி மரபாகப் பெறுகிறான். அச்சத்தை அறியாமல் இறங்குபவனைவிட அறிந்து இறங்குபவனின் நிலை கடினமானது. அவன் அடையும் கிளர்ச்சி கண்மூடித்தனமான துணிவிலிருந்து வருவதன்று. உயிருக்கு நேரக்கூடியதை முழுதும் அறிந்த உடல், அந்நொடியில் தான் கற்றதைச் செய்து முடிப்பதிலிருந்து அது பிறக்கிறது. காரியின் திமிலைப் பற்றிக்கொண்டு அதன் தவ்வுகளைத் தாங்கும் பகுதியில் கதையின் காலம் மெதுவாக நகர்வது இதனாலேயே. நொடிகளில் முடியும் செயலுக்குப் பக்கங்களை ஒதுக்குவதன்வழி, பார்வையாளர் கண்ணுக்குத் தப்பும் முடிவுகள் ஒவ்வொன்றையும் ஆசிரியர் பிரித்துக் காட்டுகிறார்.

காளையும் இங்குச் செயலற்ற பொருளன்று. நின்று ஆளைப் பார்த்துக் குத்தும் காளை, அணைபவன் தன்னைக் கணிப்பதுபோலவே அவனைக் கணிக்கிறது. ஆயினும் மனிதனுக்கு அது விளையாட்டு. காளைக்கு அது விளையாட்டென்று தெரியாது. இச்சமமின்மையைப் பனுவல் மறைக்கவில்லை. திறனைப் போற்றும் எழுத்து விலங்கின் நிலையையும் உடன் நிறுத்துவதால், புகழுரையாகச் சரிந்துவிடாமல் தப்புகிறது.

உரிமையும் திறனும்

பிச்சி காயத்துடன் வெல்கிறான். தோற்று வெறிகொண்டு ஓடும் காரியை ஜமீன்தார் சுட்டுக் கொல்கிறார். இம்முடிவை அதிகாரத்தின் வன்மம் என விளக்குவது வழக்கம். அவ்விளக்கம் சரியே; முழுமையானதன்று. களத்தில் மூவர் இழிவை எதிர்கொள்கின்றனர்: தந்தையின் தோல்வியைச் சுமக்கும் பிச்சி, பிடிபட்ட காரி, காளை பிடிபட்டதால் மதிப்பிழந்த ஜமீன்தார். தன் சினத்தைச் செயலாக மாற்றக் கற்றவன் பிச்சி ஒருவனே. காளைக்கு அக்கல்வி இயலாது. ஜமீன்தாருக்கோ அது தேவைப்பட்டதே இல்லை. காளை அவருடையது, அதனை எதிர்கொள்ளும் உடலும் அவ்வுடலுக்குரிய பயிற்சியும் பிறருடையவை. களத்தில் இறங்காமலே பெருமையை ஈட்டியவருக்குத் தோல்வியைத் தாங்கும் பயிற்சி வாய்ப்பதில்லை. அவருடைய ரோசம் துப்பாக்கியின் வழியே வெளிப்படுகிறது.

வெறிகொண்ட காளையால் கூட்டத்திற்கு நேரும் ஆபத்தைத் தடுத்த செயல் என்றும் இதனை வாதிடலாம். பனுவல் அதற்கு இடமளிக்கிறது. எனினும் அவ்வாறு கொள்ளும்போதும் ஒரு வேறுபாடு எஞ்சுகிறது. வெறுங்கையுடன் காளையின் அருகே சென்றவன் ஒருவன். தொலைவில் நின்று அதனை முடித்தவர் இன்னொருவர். இருவருக்கும் இடையிலான அத்தொலைவே கதையின் இறுதி மதிப்பீடு எனலாம்.

திறனை மையப்படுத்துவது அதிகார வாசிப்பை மறுப்பதாகாது. ஜமீன்தாரை நேர்நின்று எதிர்க்க இயலாத ஒருவனுக்குக் களம் மட்டுமே சமநிலை தரும் இடம். அங்கே திமிலைப் பற்றிய கை யாருடையது என்று காளை கேட்பதில்லை. ஆனால் அச்சமநிலை களத்தின் எல்லையோடு முடிந்துவிடுகிறது. வென்ற பின்னும் காரியின் உயிர் அதன் உரிமையாளரின் விருப்பத்தைப் பொறுத்ததாகவே இருக்கிறது. திறன் எதை வெல்லும், எதை வெல்லாது என்ற இரண்டையும் ஒரே பிற்பகலில் காட்டிவிடுகிறார் செல்லப்பா.

முடிவுரை

‘வாடிவாசல்’ வீரத்தைப் போற்றும் கதை என்பதைவிட, கற்றுத் தேர்தலின் கடுமையை ஆராயும் கதை என்பதே பொருந்தும். நோட்டமும் காத்திருப்பும் அணைதலின் பகுதிகளே என்பதும், தலைமுறைகளின் பேச்சே அத்திறனைக் கடத்துகிறது என்பதும், சினத்தை அடக்காமல் அது கைகூடாது என்பதும் இவ்வாசிப்பால் புலனாகின்றன. மரபின் அடையாளமாக மட்டும் இப்பனுவலை முன்னிறுத்தும்போது முதலில் மறைவது அக்களத்தில் நிற்பவனின் உழைப்பாகும். பிச்சி தந்தையின் கடனைத் தீர்த்தான். அதற்கு அவன் கொடுத்த விலை தொடையில் பட்ட காயம் மட்டுமன்று, கொம்பின் முன் நிற்கும் நேரம்வரை தன் சினத்தைத் தள்ளிவைத்த அடக்கமும் ஆகும்.